டிசைன் டிஸ்க்கைப் பற்றி நான் சொல்லாதது

12 பிப்ரவரி 2007, திங்கள்

காலையில் கம்ப்யூட்டர் பைல்களின் காப்பி எடுக்கிற பேக்கப் டேப்பை மாற்றி, லேபிளில் தேதி எழுதி, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தேன். மேனேஜர் குப்புராஜ் சார் கதவைத் திறந்தார். கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புது டெபுடி மேனேஜர் வந்தாச்சு, இனிமேல் நீங்களெல்லாம் அவர்களுக்குக் கீழே என்றார். எழுந்து நின்றேன். அவர் பின்னால் வந்தது நந்தினி.

வேறு நந்தினி இல்லை. பொன்னேரியில் என்னோடு கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள். கவரைப்பேட்டைப் பக்கம் நெல் போடும் சடையப்பன் மகள். தொண்ணூற்றெட்டில் இந்த வார்ப்பு பேக்டரியில், இதே அறையில், என்னோடு ஒரே நாளில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தவள். கடைசி பேப்பரில் அவள் தேறியதே என் நோட்டைப் படித்துத்தான். 2001-ல் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு இரண்டு பேரும் எழுதிப் போட்டோம். இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. வாப்பா பழவேற்காட்டிலிருந்து கிளம்பி வந்து, நிக்காஹ் பேசி வைத்த பெண் ஹாஸ்டலில் தங்குவதா என்று கேட்டார். அவள் போனாள். நான் இங்கேயே டேப் மாற்றிக்கொண்டிருந்தேன்.

என்னைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா மெஹரு, அப்டியே கீற" என்றாள்.

அப்படியேதான் இருக்கிறேன். பாராட்டாகச் சொன்னாளா, வேறு மாதிரியா?

13 பிப்ரவரி, செவ்வாய்

மேடம் என்று கூப்பிடுவதா, நந்தினி என்றா? இன்று முழுக்க எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஓட்டிவிட்டேன்.

20 பிப்ரவரி, செவ்வாய்

அவளுக்குக் கம்பெனி கார். திருநின்றவூரில் பிளாட் வாங்குகிறார்களாம். புருஷனுக்குச் சென்னையில் வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறார். இதையெல்லாம் நான் கேட்கவில்லை. சாப்பிடும்போது அவளாகச் சொன்னாள். பெருமையாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, திட்டியிருக்கலாம். சாதாரணமாகச் சொன்னாள். ரசம் சாதம் நன்றாக இருக்கிறது என்பதுபோல.

அவள் கேபினில் இருப்பது கண்ணாடிச் சுவர். என் இடத்திலிருந்து பார்த்தால் அவள் பின்தலை தெரியும். நாளெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

26 பிப்ரவரி, திங்கள்

பெரிய கம்பெனிகள் வைத்திருக்கிற பேக்கப் சாப்ட்வேர் நமக்கும் வரப்போகிறது. கூடவே ஒரு பெட்டி, டேப்பை அதுவே எடுத்து அதுவே மாற்றும். ஒன்பது வருஷமாக நான் கையால் செய்ததை. நந்தினி என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னாள், "இனிமே நீ காலைல ஓடி வந்து டேப் மாத்த வேணாம். நல்லதுதான?"

நல்லதுதான்.

சென்னையில் மூன்று நாள் பயிற்சி இருக்கிறது, நீயும் வா, இரண்டு பேர் பெயரும் கொடுக்கிறேன் என்றாள். வீட்டில் வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை? ஒன்றும் இல்லை. அவள் கூட்டிக்கொண்டு போய் நான் போகிற மாதிரி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் காலாலேயே போயிருக்க வேண்டியவள் நான்.

8 மார்ச், வியாழன்

திங்கட்கிழமையிலிருந்து புது சாப்ட்வேர் ஓடுகிறது. பழைய டேப்புகளையெல்லாம் அழித்துப் புதுப் பெட்டிக்கு எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வேலை இல்லை. பீரோவில் வைக்கச் சொல்லிக் கொடுத்த தடி மேனுவலைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு அட்டவணை. எந்தெந்த பைல் சிஸ்டத்தை இந்த சாப்ட்வேர் ஆதரிக்கும் என்ற பட்டியல்.

டிஸ்க்கில் பைல்களை எந்த ஒழுங்கில் அடுக்கி வைப்பது என்பதற்குத்தான் பைல் சிஸ்டம் என்று பேர். ஒவ்வொரு டிஸ்க்கும் ஒவ்வொரு மாதிரி அடுக்கும். அந்த அடுக்கு தெரிந்த சாப்ட்வேரால்தான் எடுக்க முடியும். நம் மெஷின்களை ஒவ்வொன்றாகப் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். அக்கவுண்ட்ஸ், இருக்கிறது. ஸ்டோர்ஸ், இருக்கிறது. டிசைன் பிரிவு மெஷினில் இரண்டு டிஸ்க். முதலாவது இருக்கிறது. இரண்டாவது இல்லை. 2005-ல் பெங்களூரிலிருந்து வந்த ஆள், பெரிய பைல்களுக்கு வேகமாக இருக்கும் என்று அதை வேறு வகையில் அமைத்துவிட்டுப் போனான். டிசைன் ஹெட் சுப்பிரமணி சாரின் டிராயிங் எல்லாம் அந்த இரண்டாவதில்தான்.

அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில்: பட்டியலில் இல்லாத பைல் சிஸ்டம் உள்ள டிஸ்க் விட்டுவிடப்படும். அதனால் வேலை தோற்றதாகக் கொள்ளப்படாது.

திரும்பப் படித்தேன். பிறகு சாப்ட்வேர் தானே எழுதி வைக்கிற நேற்றைய பதிவை, லாக்கைத் திறந்தேன். நாலாயிரம் வரிக்கு மேல், அடியில், ஒரே ஒரு வரி. அந்த டிஸ்க் விடப்பட்டது. ஆனால் திரையில் டிசைன் மெஷினுக்கு நேராகப் பச்சை டிக்.

மேனுவலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நிஜமாகவே எழுந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குப்புராஜ் சார் அவள் மேஜை ஓரத்தில் நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷத்தில் என் மேஜை பக்கம் அவர் நின்று சிரித்ததில்லை.

உட்கார்ந்துவிட்டேன்.

9 மார்ச், வெள்ளி

சொல்லவில்லை.

13 மார்ச், செவ்வாய்

மீட்டிங். நந்தினி பச்சை டிக்குகளைச் சுவரில் போட்டுக் காட்டினாள். பிரமாதம் என்றார் குப்புராஜ் சார். டிசைன் ஹெட் சுப்பிரமணி சார், இனி நிம்மதியாகத் தூங்குவேன் என்றார்.

முடியும்போது அவள் நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள். "மெஹர், ஒம்போது வருஷமா நீதான் இத பாத்துக்கினு இருந்த. எதனா உட்டுட்டேனா?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"இல்ல மேடம்" என்றேன்.

அவள் முகம் ஒரு நொடி என்னவோ போல ஆனது. மேடம் என்றதுக்காக. மற்றது அவளுக்கு எப்படித் தெரியும்?

17 மார்ச், சனி

சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆபீஸ் காலி. பழைய டேப் டிரைவை டிசைன் மெஷினிலிருந்து இன்னும் கழற்றவில்லை. என் பழைய புரோகிராமை வைத்து இரண்டாவது டிஸ்க்கை மட்டும் டேப்பில் எடுத்தேன். இரண்டு டேப் பிடித்தது. லேபிளில் வழக்கம்போலத் தேதி எழுதி, என் டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

கம்பெனி நஷ்டப்படக் கூடாது என்பதற்காக.

என் டைரியில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போறேன்? அந்த டிஸ்க் போகணும். ஒரு நாள் போகணும். அவ பெட்டியத் தட்டித் தட்டிப் பாக்கணும், பச்ச பச்சயா டிக் இருந்தும் உள்ள ஒண்ணும் இல்லாம நிக்கணும். அப்ப நான் என் டிராயரத் திறக்கணும். அதுக்காகத்தான் எடுத்தேன்.

எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

24 மார்ச், சனி

இரண்டாவது வாரம். எடுத்தாச்சு.

5 ஏப்ரல், வியாழன்

இவரிடம் சொல்லிவிட்டேன். கடையை மூடிவிட்டு வந்து மகள் சிஃபாவுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சனிக்கிழமை ஏன் லேட்டு என்று கேட்டார், சொன்னேன். செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்: புதுசா ஒரு காவல்காரனைப் போட்டிருக்கிறார்கள், எல்லாக் கதவையும் பார்த்தேன் என்று கையெழுத்துப் போடுகிறான், ஒரு கதவின் பூட்டு அவனுக்குத் தெரியாத பூட்டு, அதனால் அதைத் தாண்டிப் போய்விடுகிறான். அது எனக்கு மட்டும் தெரியும்.

ஆஷிக் சிஃபாவின் நோட்டை மூடி வைத்தார். பிறகு, "அவ பேரு கெடுறதுக்கு நீ எதுக்கு வாரா வாரம் காவல் காத்துக்கினு கீற?" என்றார்.

என்னிடம் டேப் இருக்கிறது, யாருக்கும் நஷ்டம் வராது என்றேன்.

"போய் சொல்லிடு மெஹரு. பேஜாரு வாணாம்."

பார்க்கிறேன் என்றேன். பார்க்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

29 ஏப்ரல், ஞாயிறு

திருநின்றவூரில் நந்தினி வீட்டு கிரகப்பிரவேசம். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். சிஃபா கிளம்பி உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு பெட்ரூம். சமையலறையில் சிம்னி. வெயில் இல்லாத பக்கம் பால்கனி. குறை ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டே நடந்தேன். கை கழுவும்போது தண்ணீர் உப்பாக இருந்தது. அது ஒன்றுதான் கிடைத்தது. அதையே வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

அவள் அம்மா பூவம்மாள் என்னைக் கட்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் காட்டினார். "இந்தப் பொண்ணு நோட்டு குடுக்கலன்னா எம்பொண்ணு பாஸே ஆயிருக்காது. எங்கூட்ல நூறு தபா சொல்லிக்கீறா."

அதை நந்தினி மறைத்து வைத்திருப்பாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவள் நன்றி கெட்டவளாக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

நாளைக்குச் சொல்லிவிடலாமா?

30 ஏப்ரல், திங்கள்

போனேன். கதவு வரை. உள்ளே அவள் போனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள், வேகமாக, தடுமாறாமல். நான் அப்படிப் பேச இரண்டு நிமிஷம் யோசிக்கணும். திரும்பிவிட்டேன்.

19 மே, சனி

பத்தாவது வாரம். வெயில் தாங்கவில்லை. எடுத்தாச்சு.

21 மே, திங்கள்



பதினொன்றரைக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் எங்கோ டிரான்ஸ்பார்மர் வெடித்தது. கரன்ட் போய், வந்து, போய், வந்தது. எல்லா மெஷினும் எழுந்துவிட்டன. டிசைன் மெஷினின் இரண்டாவது டிஸ்க் எழவில்லை. கடகடவென்று சத்தம், பிறகு அதுவும் இல்லை.

நந்தினி பதறவில்லை. பேக்கப் இருக்கிறது, மதியத்துக்குள் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சுப்பிரமணி சாரிடம் சொன்னாள். திரையில் தேடினாள். முதல் டிஸ்க் இருந்தது. இரண்டாவது இல்லை. நேற்றைய தேதியில் தேடினாள், போன வாரத்தில் தேடினாள், மார்ச் வரை போனாள். பச்சை டிக், பச்சை டிக், பச்சை டிக். உள்ளே ஒன்றும் இல்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கேட்டது இதுதான். அப்படியே வந்தது. ஒரு மணி நேரம் விட்டேன். கடிகாரத்தைப் பார்த்தே விட்டேன்.

குப்புராஜ் சார் கத்த ஆரம்பித்த பிறகு எழுந்து போய், சார், நான் பழைய முறையில் ஒரு காப்பி எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன்.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். சுப்பிரமணி சார் கண் கலங்கிவிட்டது. நந்தினி என் கையைப் பிடித்து, "மெஹரு" என்றாள்.

எனக்கு இனித்தது. எழுதாமல் இருந்தால் அது பொய்.

22 மே, செவ்வாய்

புது டிஸ்க் போட்டு என் டேப்பிலிருந்து திருப்பிப் போடுகிறோம். மெதுவாக வருகிறது. கேன்டீன்காரர்கூட எனக்குத் தனியாக டீ கொண்டுவந்தார்.

23 மே, புதன்

யா அல்லாஹ்.

சின்ன பைல்கள் எல்லாம் வந்துவிட்டன, ஆறாயிரத்துக்கு மேல். பதினொரு பைல் திறக்கவில்லை. பதினொன்றும் பெரியவை. ஜனவரியில் டிசைன் பிரிவுக்குப் புதிதாக ஒரு சாப்ட்வேர் வாங்கினார்கள். உருகிய இரும்பு அச்சுக்குள் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்ப்பது. அதில் ஒவ்வொரு அச்சும் ஒரே பைல், ஒவ்வொன்றும் இரண்டு ஜிபிக்கு மேல்.

என் பழைய புரோகிராமால் இரண்டு ஜிபிக்கு மேல் ஒரு பைலை எடுக்க முடியாது. அந்த இடத்தில் வெட்டிவிட்டு அடுத்த பைலுக்குப் போய்விடும். ஜனவரிக்கு முன்னால் ஒரு பைல்கூட அந்த அளவைத் தொட்டதில்லை. அதனால் எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவள் சாப்ட்வேரின் எல்லையைப் பொடி எழுத்து வரை படித்தேனே, என்னுடையதன் எல்லையைப் பார்த்தேனா? பத்து சனிக்கிழமை. ஒரு தடவையாவது திருப்பிப் போட்டுப் பார்த்தேனா? எங்க பாத்தேன். என் கண்ணெல்லாம் அவ மேலதான் இருந்தது.

பம்ப் கம்பெனி ஆர்டருக்கான அச்சுகள் அவை. நாலு மாச வேலை.

மார்ச் எட்டாம் தேதி நான் அந்தக் கதவைத் தட்டியிருந்தால் ஒரே நாளில் டிஸ்க்கை மாற்றி அமைத்திருப்பார்கள். பதினொன்றும் இருந்திருக்கும்.

24 மே, வியாழன்

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நந்தினி என் இடத்துக்கு வந்தாள். டேப்புகளை வரிசையாக மேஜையில் அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் தேதி. கடைசியில் முதல் டேப்பை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"மார்ச் பதினேழு" என்றாள்.

லேபிளில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மெஷின் முழுக்க எடுக்கல. அந்த ஒரு டிஸ்க்க மட்டும் எடுத்துக்கீற. அப்போ உனக்குத் தெரியும்."

நந்தினி என்றேன். வந்த நாளிலிருந்து பேர் சொல்லி அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் நிமிரவில்லை.

"அந்தப் பக்கத்த நான் படிக்கல. அது என் தப்பு, நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். நீ படிச்சிக்கீற. படிச்சிட்டு மீட்டிங்ல என் மூஞ்சப் பாத்து இல்லன்னு சொன்ன." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் உனக்கு இன்னாடி பண்ணேன்?"

அவள் ஒன்றும் பண்ணவில்லை. போனாள், நான் போகவில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்ல?

டேப்புகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். குப்புராஜ் சாரிடம் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

28 மே, திங்கள்

நந்தினிக்கு மெமோ. புரொபேஷன் இன்னும் ஆறு மாசம் தள்ளிப் போட்டுவிட்டார்கள். என் பேரை சீனியர் அசிஸ்டென்ட் பதவிக்கு எழுதி அனுப்பியிருக்கிறாராம் குப்புராஜ் சார்.

இரண்டும் ஒரே நாளில். நான் கேட்டது இரண்டும்.

4 ஜூன், திங்கள்

டிசைன் பிரிவில் அச்சடித்து வைத்திருந்த பேப்பர் டிராயிங்குகளைத் தேடி எடுத்து, அவற்றைப் பார்த்து முதலிலிருந்து வரைகிறார்கள். சுப்பிரமணி சாரும் இன்னும் இரண்டு பேரும். ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள். சார் மகளுக்கு இந்த வாரம் நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்களாம், தள்ளிப் போட்டுவிட்டார்.

ஒரு பிரின்ட் எடுக்க அந்தப் பக்கம் போனேன். எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது. "நீ மட்டும் அந்த டேப் எடுத்து வெக்கலன்னா மொத்தமும் போயிருக்கும்மா. பதினொன்னோட போச்சே. நல்லா இருப்ப" என்றார்.

பிரின்ட்டை எடுக்காமலே வந்துவிட்டேன்.

அவள் திட்டியதைத் தாங்கிவிடலாம். இது முடியவில்லை.

7 ஜூன், வியாழன்

இவரிடம் கேட்டேன், என்ன செய்யட்டும் என்று. "நான் ஏப்ரல்லயே சொல்லிட்டேன்" என்றார் ஆஷிக். தட்டில் இன்னொரு மீன் வைத்தார்.

8 ஜூன், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

எழுதியே எடுத்துக்கொண்டு போனேன், வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயம். மார்ச் எட்டாம் தேதி பட்டியலில் பார்த்தது, பதின்மூன்றாம் தேதி மீட்டிங்கில் கேட்டபோது இல்லை என்று சொன்னது, பதினேழாம் தேதியிலிருந்து ரகசியமாக எடுத்தது. ஏன் என்று மட்டும் எழுதவில்லை.

குப்புராஜ் சார் இரண்டு தடவை படித்தார். "ஏம்மா?" என்றார்.

பொறாமை சார் என்றேன்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டார். வேலையை விட்டு எடுக்க வேண்டிய விஷயம் என்றார். டேப் எடுத்ததால் ஆறாயிரம் பைல் பிழைத்தது, அதனால் அதைச் செய்யவில்லை என்றார். எனக்கும் மெமோ. சீனியர் பட்டியலிலிருந்து பேர் எடுக்கப்படும். நந்தினி மேடத்தின் மெமோவை ரத்து செய்வீர்களா என்று கேட்டேன். செய்ய மாட்டேன், அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டியது அவர்கள் வேலை என்றார்.

வெளியே வந்து சுப்பிரமணி சாரிடமும் போனேன். அவர் கேட்டுக்கொண்டார். திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்லா இருப்ப என்று சொன்னாரே, அதைத் திரும்ப எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

11 ஜூன், திங்கள்

நந்தினிக்குத் தெரிந்திருக்கும். ஒன்றும் பேசவில்லை. வேலையை மெயிலில் அனுப்புகிறாள். பத்தடி தூரத்திலிருந்து.

2 ஜூலை, திங்கள்

பம்ப் கம்பெனி அச்சுகள் போய்ச் சேர்ந்தன. ஒரு மாசம் தாமதம். சுப்பிரமணி சார் மகளுக்கு நிச்சயதார்த்தம் நேற்று முடிந்ததாம். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் லட்டு வந்தது. எனக்கும் வைத்திருந்தார்கள்.

20 ஆகஸ்ட், திங்கள்

டிசைன் டிஸ்க்கைப் பட்டியலில் உள்ள வகைக்கு மாற்றிவிட்டாள். எல்லா மெஷினுக்கும் ஒரு கணக்கெடுப்பு: எந்த டிஸ்க், எந்த பைல் சிஸ்டம், எது எடுக்கப்படாது. வாரம் ஒரு மெஷினிலிருந்து ஏதாவது சிலதைத் திருப்பிப் போட்டுத் திறந்து பார்க்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறாள். நல்ல விதி. எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது. ஒன்பது வருஷத்தில் தோன்றவில்லை. அது எரிகிறது, என்ன செய்ய.

அந்தத் திருப்பிப் போட்டுப் பார்க்கிற வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறாள். மெயிலில்தான். "படித்துத் தப்பு இருந்தால் சொல்லவும்" என்று ஒரே வரி. எந்த அர்த்தத்தில் எழுதினாள் என்று அந்த வரியை எத்தனை தடவை படித்தேன்.

19 செப்டம்பர், புதன்

நோன்பு ஆறாவது நாள். தொண்டை வறண்டுகொண்டிருந்தது. ஸ்டோர்ஸ் மெஷினின் வாரச் சோதனை. திருப்பிப் போட்ட போல்டர்களை எண்ணினேன், குறைந்தது. பைல் சிஸ்டம் சரியாகத்தான் இருக்கிறது. பிறகுதான் பார்த்தேன்: ஸ்டோர்ஸ்காரர்கள் போல்டருக்குள் போல்டர், அதற்குள் போல்டர் என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழ நீளத்துக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். மொத்தப் பேரும் ஒரு நீளத்தைத் தாண்டினால் சாப்ட்வேர் அதைத் தொடுவதில்லை. இதற்கும் மேனுவலில் ஒரு பக்கம் இருக்கிறது. அவள் கணக்கெடுப்பில் இது இல்லை.

பார்த்தது பதினொன்று பத்துக்கு. அவள் கதவைத் தட்டியது பதினொன்று பதினைந்துக்கு. நடுவில் அந்த ஐந்து நிமிஷம் என்ன செய்தேன் என்று எழுத வேண்டாம்.

அவள் மேனுவலில் அந்தப் பக்கத்தைப் படித்தாள். என் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டோர்ஸ் மெஷினைத் திறந்து தானே இருபது நிமிஷம் பார்த்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு நாற்காலியைக் காட்டி, "நோன்பு வெச்சிக்கினு எதுக்கு நிக்கிற, உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன்.

பேர்களைச் சுருக்க வேண்டும். நானூற்று முப்பது போல்டர். முதல் பாதி அவள், இரண்டாம் பாதி நான் என்று பிரித்துக்கொண்டோம். அவள் கை வேகம். அவள் பாதி எனக்கு முன்னால் முடிந்துவிடும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

நாளைக்கு வழக்கமான ரயிலுக்கு முந்தின ரயிலிலேயே ஆபீஸ் போகணும்.